ஏரிக்கரைக்குப் போன பட்டு

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை நடக்கவில்லை. முந்தின நாள் ராத்திரி புயல் கரையைக் கடந்திருந்தது. கிளைக் கிராமத்துக்குப் பூசை வைக்கப் போன ஃபாதர் பெரணமல்லூருக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். வழியில் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடுகிறது, வர முடியாது என்று போனில் சொன்னார். பிறகு போனும் எடுக்கவில்லை. கோயில் சாவியும் பக்கத்து மண்டபத்துச் சாவியும் அமலோற்பவத்திடம் இருந்தன.

அமலோற்பவம் பள்ளிக்கூட ஆசிரியை. தெருவில் கிறிஸ்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் அவள் டீச்சர்தான். கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு வாரமான இந்தத் திருவருகைக் காலத்தில் பங்கு மக்களிடம் துணி, போர்வை, அரிசி என்று சேர்த்து இல்லாதவர்களுக்குக் கொடுப்பது கோயிலில் வழக்கம். ஆண்டுதோறும் அந்த வேலை அவள் தலையில்தான் விழும். அவளும் அதை விரும்பித்தான் செய்தாள். இந்த முறை நவம்பரிலேயே ஆரம்பித்து, மண்டபத்துக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் மூட்டை மூட்டையாகத் துணி அடுக்கி வைத்திருந்தாள்.

விடிந்து கொஞ்ச நேரத்தில் அவள் கணவன் வின்சென்ட் முழங்கால் வரை நனைந்து வீட்டுக்குள் வந்தான்.

"அமலா, ஏரி ஒடைஞ்சிகினு இருக்குது. கரை மேல குடிசை போட்டிருந்தாங்களே, இருளருங்க, எல்லாரும் கௌம்பி வந்துகினு இருக்காங்க. மேட்டுல இருக்கிறது நம்ம மண்டபம்தான். சாவிய எடு, ஜல்தி."

அவள் மண்டபத்தைத் திறந்து முடிப்பதற்குள் முதல் ஆட்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஐம்பது அறுபது பேர் இருக்கும். பெரியவர்கள் தோளில் குழந்தைகள். ஒருவன் கையில் ஒரு கோழி. ஒரு பெண் தலையில் அலுமினிய அண்டா. அதற்குள்ளும் ஒரு குழந்தை. மழை விடவே இல்லை. குளிர்காற்று சுழன்று சுழன்று அடித்தது. எல்லோர் உடம்பிலும் துணி ஒட்டிக்கிடந்தது. உள்ளே வந்தவர்கள் சுவரோரமாக ஒதுங்கி நின்றார்கள். யாரும் உட்காரவில்லை. தரை ஈரமாகிவிடும் என்று நினைத்தார்கள் போலிருந்தது.

அவர்களுக்கு முன்னால் நின்றவள் கன்னியம்மா. நாற்பத்தைந்து வயது இருக்கும். குட்டையான, உறுதியான பெண். அறுப்புக் காலத்தில் ஆள் கூட்டிக்கொண்டு போவது, நெல் அரவை மில்லில் கூலி பேசுவது எல்லாம் அவள்தான். வந்தவர்களை ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்து, யாராவது விட்டுப்போயிருக்கிறார்களா என்று சரிபார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் இருந்தார்கள். அது தெரிந்த பிறகுதான் சுவரில் கையை ஊன்றி மூச்சு வாங்கினாள்.

வின்சென்ட் வீட்டிலிருந்து கேஸ் அடுப்பைத் தூக்கி வந்து கஞ்சிக்கு உலை வைத்தான். அமலோற்பவம் பின்னறைக்கு ஓடினாள். இதற்காகத்தானே சேர்த்தோம், சரியான நாளுக்குத்தான் சேர்ந்திருக்கிறது என்று மனதுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. கதவைத் தள்ளினாள். மேலே வானம் தெரிந்தது. கூரைத் தகடு இரண்டு பறந்துபோயிருந்தது. ராத்திரி முழுக்கப் பெய்த மழை அத்தனையும் மூட்டைகளின் மேல் இறங்கியிருந்தது. ஒரு சேலையை எடுத்துப் பிழிந்தாள். வாளி நிறையும் அளவுக்குத் தண்ணீர் கொட்டியது.

அவள் அழவில்லை. அழ நேரமில்லை. வீட்டுக்குப் போய்த் தன் சேலைகளையும் வின்சென்டின் லுங்கிகளையும் அள்ளிக்கொண்டு வந்தாள். தெருவில் வீடு வீடாகக் கதவைத் தட்டினாள். எந்த வீட்டிலும் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மூன்று நாளாக வெயில் இல்லை; துவைத்ததெல்லாம் கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. காய்ந்தது என்று வீட்டுக்கு ஒன்றோ இரண்டோதான் கிடைத்தது. தெருவின் இரண்டு முனையிலும் இடுப்பளவு தண்ணீர். அதற்கு அப்பால் யாரிடமும் போய்க் கேட்க முடியாது. கிடைத்ததைக் கொண்டு ஆண்களுக்கு ஒருவாறு ஒப்பேற்றினாள். நாடக மேடைத் திரையைக் கழற்றி நாலு பேர் போர்த்திக்கொண்டார்கள். பெண்களில் பாதிப் பேரும் குழந்தைகளும் ஈரத்தோடே நின்றார்கள்.

பரிமளா அப்போதுதான் வந்தாள். எதிர்வீட்டுக்காரி. அவளும் அவள் கணவன் வேணுகோபாலும் நாலு தறி வைத்துப் பட்டு நெய்து காஞ்சிபுரத்துக் கடைகளுக்கு அனுப்புகிறவர்கள். முதல் நாள் போளூரில் ஒரு வளைகாப்புக்குப் போன வேணுகோபால் திரும்பி வரவில்லை. பரிமளா தன் வீட்டுத் துணிகளை ஏற்கெனவே கொடுத்திருந்தாள். இப்போது ஒரு தூக்கு நிறையச் சுக்குக் காப்பி கொண்டுவந்திருந்தாள்.

காப்பியை ஊற்றிக்கொடுத்துக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நின்றுவிட்டாள். ஒரு சின்னப் பெண், ஐந்து வயது இருக்கும், டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கியது. காப்பி அவள் நெஞ்சில் சிந்தியது. சூடு பட்டதற்காக அந்தக் குழந்தை சிரித்தது.

பரிமளா தூக்கைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனாள்.

திரும்பி வந்தபோது அவள் தலையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் மூட்டை இருந்தது. மண்டபத்தின் நடுவில் இறக்கி அவிழ்த்தாள். மேலே இருந்தது மயில்கழுத்து நிறம். அதன் கீழே அரக்கு. அதற்கும் கீழே மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, மாதுளம்பூ நிறம். எல்லாம் மடிப்புக் கலையாத புதுப் பட்டுச் சேலைகள். தை மாதத்துக் கல்யாணங்களுக்காகக் கடைக்குப் போகவேண்டியவை.

அமலோற்பவம் அவள் கையைப் பிடித்தாள். "பரிமளா, இது கடைக்குப் போற சரக்குதானே?"

"ஆமாங்க டீச்சர்."

"அவரு வந்து கேட்டா?"

"கேக்கட்டும். எங்கூட்ல காஞ்ச துணின்னு இருக்கிறது இதான். அந்தக் கொழந்தை ஒதட்டப் பாருங்க, நீலம் பாரிச்சிக் கெடக்குது."

அமலோற்பவம் கையை விட்டாள்.

பரிமளா முதல் சேலையைப் பிரித்து நீட்டினாள். யாரும் முன்னால் வரவில்லை. நீட்டிய சேலையிலிருந்து பெண்கள் இரண்டடி பின்வாங்கினார்கள். கன்னியம்மா மட்டும் கிட்டே வந்து பார்த்தாள். தொடவில்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தாள்.

"வாணாம்மா. எங்க ஒடம்புல சேறு. இது கெட்டுப் பூடும்," என்றாள். "சாக்கு இருந்தாக் குடுங்க. போத்திக்கிறோம்."

"சாக்கு எங்கிட்ட இல்ல," என்றாள் பரிமளா. "இதான் இருக்குது."

கன்னியம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். கேலி செய்கிறாளா என்று பார்த்த மாதிரி இருந்தது. பரிமளா கண்ணை எடுக்கவில்லை. நீட்டிய கையையும் இறக்கவில்லை. கை வலித்திருக்க வேண்டும். பட்டுச் சேலை கனக்கும். கன்னியம்மா கையைப் பின்னாலிருந்து எடுத்து, தன் ஈரச் சேலையில் இரண்டு பக்கமும் துடைத்தாள். அப்புறம் வாங்கிக்கொண்டாள். வாங்கினதைத் தான் கட்டிக்கொள்ளவில்லை. நடுங்கிக்கொண்டிருந்த அந்தச் சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு, ஈரப் பாவாடையை உருவிப் போட்டுவிட்டு, மயில்கழுத்துப் பட்டை நாலாக மடித்துக் கழுத்திலிருந்து கால்வரை சுற்றினாள். ஜரிகைக் கரை குழந்தையின் முகத்தை வட்டமாகச் சூழ்ந்து நின்றது.

அதற்குப் பிறகு கூச்சம் விட்டுப்போயிற்று. மேடைக்குப் பின்னால் போய்ப் பெண்கள் ஒவ்வொருவராகக் கட்டிக்கொண்டு வந்தார்கள். இளம்பெண்கள் கைகளை உடம்பை விட்டுத் தள்ளி வைத்தபடி, முட்டைகள் நிறைந்த கூடையைத் தூக்கி வருவது மாதிரி நடந்தார்கள். ஒருத்தி குனிந்து தன் இடுப்பில் ஓடிய அன்னப்பட்சிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கைக்குழந்தை வைத்திருந்தவள் பாலூட்டிக்கொண்டே முந்தானையால் குழந்தையை மூடினாள், அழுதுகொண்டிருந்தது அடங்கிவிட்டது. பட்டுக்குள் குளிர் ஏறாது. அதை நெய்கிறவர்களுக்குத் தெரியும். அன்றைக்கு ஏரிக்கரைக்காரர்களுக்கும் தெரிந்தது.

கன்னியம்மா ஒவ்வொரு சேலையையும் பரிமளாவிடமிருந்து வாங்கி, யாருக்கு என்று பார்த்துக் கொடுத்தாள். பரிமளா கொண்டுவந்தது தீர்ந்தபோது, வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த இரண்டு நெசவாளர் வீட்டுப் பெண்கள் சத்தமில்லாமல் போய்த் தங்கள் பீரோக்களைத் திறந்தார்கள். அமலோற்பவமும் வீட்டுக்கு ஓடினாள். டிரங்குப் பெட்டியின் அடியில் அவளுடைய கல்யாணச் சேலை இருந்தது. காலையில் சேலைகளை அள்ளியபோது அந்தப் பெட்டியின் ஞாபகமே அவளுக்கு வரவில்லை. எடுத்துக்கொண்டு மழையில் நனையாமல் மார்போடு அணைத்தபடி வந்தாள்.

திரும்பி வந்து வாசற்படியில் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கரண்ட் இல்லை. மண்டபத்துக்குள் மழைக்கால வெளிச்சம்தான். அந்த மங்கலில் சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பெண்களும் குழந்தைகளும் பட்டு உடுத்தி உட்கார்ந்திருந்தார்கள். இப்போது எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். ஈரத் தலைமுடி தோளில் விரிந்திருந்தது. பாதங்களில் சேறு காய்ந்திருந்தது. அதற்கு மேலே அரக்கும் பச்சையும் மஞ்சளும், அசையும்போதெல்லாம் மின்னும் ஜரிகையும். யாரும் உரக்கப் பேசவில்லை. கஞ்சியை ஊதி ஊதிக் குடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. இத்தனை மணப்பெண்களை ஒரே இடத்தில் அமலோற்பவம் எந்தக் கல்யாணத்திலும் பார்த்ததில்லை. பூசை இல்லாத ஞாயிறு என்று காலையில் நினைத்திருந்தாள். இப்போது, பூசைக்கு உள்ளே போகும்போது போல, தலையில் முக்காடு போட்டுக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

மத்தியானத்துக்கு மேல் வேணுகோபால் வந்து சேர்ந்தான். பாதி தூரம் பால் வண்டியிலும் மீதி தூரம் தண்ணீரில் நடந்தும் வந்திருந்தான். வீட்டுக்குப் போய், பீரோ திறந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு, தேடிக்கொண்டு மண்டபத்துக்கு வந்தான். பரிமளா கஞ்சிப் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். கையெல்லாம் சாம்பல்.

"நான்தான் குடுத்தேன்," என்றாள். "எல்லாத்தையும் குடுத்துட்டேன்."

வேணுகோபால் ஒவ்வொரு சேலையாகப் பார்த்துக்கொண்டு போனான். சிலவற்றை அவனே நெய்திருந்தான். தன் தறிகளில் மற்றவர்கள் நெய்தவற்றுக்கு அவன்தான் நிறம் தேர்ந்து, நீள இழைகளை ஏற்றிப் பாவு போட்டான். தறியிலிருந்து அறுத்து மடித்தால் அதோடு பெட்டிக்குள் போய்விடும். யாரோ எங்கேயோ கட்டுவார்கள். உடம்பில் ஏறி, உட்கார்ந்து, எழுந்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கிற தன் சேலைகளை அவன் அன்றைக்குத்தான் பார்த்தான். அவன் வாய் லேசாகத் திறந்திருந்தது. பெண்கள் பயந்துபோய் முந்தானைகளை இழுத்து இழுத்துச் சரிசெய்தார்கள்.

பார்த்துக்கொண்டே போனவன் மேடை ஓரத்தில் நின்றான். அங்கே கன்னியம்மா உட்கார்ந்திருந்தாள். காலையில் கட்டிக்கொண்டு வந்த அதே சேலை. பாதி காய்ந்தும் பாதி ஈரமுமாக இருந்தது. முழங்காலைக் கட்டிக்கொண்டு, நடுக்கம் தெரியக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தம்மாவுக்கு?" என்றான்.

பரிமளாவும் அமலோற்பவமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தனை சேலையும் கன்னியம்மா கை வழியாகத்தான் போயிருந்தது. கடைசியாக வந்த அமலோற்பவத்தின் கல்யாணச் சேலையையும் அவள் ஒரு வயதான பெண்ணுக்குச் சுற்றிவிட்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை என்பதை அவ்வளவு நேரமும் யாரும் கவனிக்கவில்லை.

"எனுக்கு வாணாம்யா," என்றாள் கன்னியம்மா. "நான் இப்பிடியே இருந்து பழக்கம்."

வேணுகோபால் திரும்பி வேகமாக வெளியே போனான். கோபமாகப் போகிறான் என்று நினைத்துப் பரிமளா பின்னாலேயே ஓடினாள். அமலோற்பவமும் போனாள்.

அவன் தறி அறைக்குள் இருந்தான். தரையில் ஊற்று எடுத்து, கால் வைக்கிற தறிக்குழி முழுக்கத் தண்ணீர். அவன் அதற்குள் இறங்கி நின்றான். தண்ணீர் தொடைக்கு வந்தது. தறியில் ஒரு குங்குமச் சிவப்புச் சேலை பாதிக்கு மேல் நெய்து சுருட்டியிருந்தது. உடல் முடிந்திருந்தது. முந்தானை இன்னும் ஆரம்பிக்கவில்லை. அவன் கையில் கத்தரிக்கோல் இருந்தது.

"இன்னாங்க பண்றீங்க?" பரிமளாவின் குரல் உடைந்தது. பட்டு மூட்டையை அவிழ்த்தபோது உடையாத குரல். "அது முடியலியே. நடுவுல அறுக்கக் கூடாதுங்க."

"தெரியும்," என்றான்.

அறுத்தான். இழுத்துக் கட்டியிருந்த பாவு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒவ்வொரு பிடியாகத் தளர்ந்து விழுந்தது. அமலோற்பவம் நெசவுத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவள். முடியாத சேலையை யாரும் தறியிலிருந்து அறுத்து அவள் பார்த்ததில்லை, கேள்விப்பட்டதும் இல்லை. அந்தச் சத்தம் மிகச் சின்னது.

வேணுகோபால் துணியை உதறி மடித்து மனைவியிடம் நீட்டினான். "முந்தானை இல்ல. ஆனா அந்தம்மா கட்டைதான். நாலு கெஜம் போதும். நீயே போயி கட்டி வுடு. வாணாம்னு சொன்னா வுடாத."

கன்னியம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. துணியின் ஓரத்தில் அறுபட்ட இழைகள் தொங்குவதைப் பார்த்தாள். அது எங்கிருந்து வந்தது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. பரிமளா அவளை மேடைக்குப் பின்னால் கூட்டிப்போனாள். வெளியே வந்தபோது குங்குமச் சிவப்பில் இருந்தாள். அவளுடைய ஆட்கள் அவளைப் பார்த்தார்கள். யாரோ ஒரு கிழவர் எழுந்து நின்றார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் எழுந்தார்கள். கன்னியம்மா வெட்கப்பட்டு, "உக்காருங்க, இன்னா இது," என்று அதட்டினாள்.

இருட்டுவதற்கு முன் ஃபாதர் வந்து சேர்ந்தார். கதவருகே நின்று பார்த்தார். கோயிலில் வைக்கும் திருவருகைக் கால இலை வளையத்தில் முதல் மெழுகுவத்தியை ஏற்றும் நாள் அது. பிரசங்கம்கூட எழுதிக் கையில் வைத்திருப்பார். ஆனால் நேரே உள்ளே போய், வின்சென்டின் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டு கஞ்சி ஊற்ற ஆரம்பித்தார்.

தண்ணீர் வடிய நாலைந்து நாள் ஆனது. அதற்குள் அரசாங்கத்திலிருந்தும் மற்ற ஊர்க் கோயில்களிலிருந்தும் துணியும் தார்ப்பாயும் அரிசியும் வந்துவிட்டன. ஏரிக்கரைக்குத் திரும்பும் நாளில் பெண்கள் சேலைகளை அலசிக் காயவைத்து, தங்களுக்குத் தெரிந்த மாதிரி மடித்து, பரிமளா வீட்டு வாசலில் அடுக்கினார்கள். சில சேலைகளில் சாயம் ஓடியிருந்தது. வேணுகோபால் வெளியே வந்து, "கட்டினவங்களுதுதான். எடுத்துகினு போங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். காஞ்சிபுரத்துக் கடைக்காரர் போனில் சத்தம் போட்டது தெருவுக்கே கேட்டது. அதை அவன் எப்படிச் சமாளித்தான் என்று அமலோற்பவம் கேட்கவில்லை. அறுந்த பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் புதுப் பாவோடு முறுக்கிச் சேர்த்துக்கொண்டிருந்ததை மட்டும் ஜன்னல் வழியாகப் பல நாள் பார்த்தாள்.

ஒருத்தி தன் பங்குக்கு வந்த சேலையை விற்றுப் பாத்திரம் வாங்கிக்கொண்டாள். அதைச் சொல்லிவிட்டுப் போக வந்தவள் வாசலில் தலைகுனிந்து நின்றாள். பரிமளா சிரித்துவிட்டாள். "விக்கத்தான் நெய்ஞ்சோம். நல்ல வெலைக்குப் போச்சா?" என்று கேட்டாள்.

மார்கழி பிறந்து ஒரு வாரம் கழித்து, கிறிஸ்துமஸுக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும்போது, காலையில் பரிமளா ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு அமலோற்பவத்தின் வீட்டுக்கு வந்தாள். குடத்துக்குள் ஏதோ துள்ளியது. தண்ணீர் அவள் கழுத்தில் தெறித்தது.

"கன்னியம்மா வந்துட்டுப் போச்சு டீச்சர். கரைய அடைச்சப்புறம் ஏரி திரும்ப ரொம்பிப் போச்சாம். மீனு ரொம்ப இருக்குதாம். மொத மொத வலை போட்டதுல வுழுந்தது, உங்களுக்குன்னு எடுத்தாந்தேன்னு சொல்லிச்சு."

"நீங்க மார்கழியில மீனத் தொட மாட்டீங்களே?"

"சொல்லவே இல்லியே நான். வாங்கிகினேன். எப்பிடிச் சொல்றது? இன்னும் தார்ப்பாய்க்குக் கீழதான் இருக்குதுங்க. இத்த வித்திருந்தா அதுங்களுக்கு ஒரு வாரத்துக்கு அரிசி. தலையில வெச்சிகினு அங்கிருந்து நடந்தே வந்திருக்குது." பரிமளா குடத்தை இறக்கி வைத்தாள். "நீங்க சமைங்க. அது வந்து கேட்டா, ருசியா இருந்துச்சுன்னு நான் சொல்லணும். அதனால எப்பிடி இருந்துச்சுன்னு எனக்குச் சொல்லிடுங்க."

அவள் போன பிறகு அமலோற்பவம் குடத்தைச் சமையலறைக்கு எடுத்துப் போகவில்லை. வாசலிலேயே அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். கை நீளத்துக்கு இரண்டு விரால், கருத்து, வழவழவென்று, உயிரோடு ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டிருந்தன. இரண்டு வீட்டுக்குப் போதும். வின்சென்ட் உள்ளிருந்து என்ன அது என்று கேட்டான். அவள் இங்கே வந்து பார் என்று கையால் சைகை காட்டினாள்.